பாடல் நின்ற பிறகும் நிற்கும் வீடு

அமெரிக்காவின் வடகிழக்கில், வெர்மான்ட் மாநிலத்தில், ஸ்டோவ் என்றொரு மலையூர் இருக்கிறது. அவ்வூருக்கு மேலே உள்ள ஒரு சரிவில், ஆஸ்திரியாவிலிருந்து குடியேறிய ஒரு குடும்பம் 1950-ஆம் ஆண்டு கோடையில் தன் வீட்டின் 27 அறைகளை விருந்தினருக்குத் திறந்துவிட்டது. ஓட்டல் தொழில் அவர்களுக்குப் பரம்பரைத் தொழில் அன்று. அவர்கள் பாடிப் பிழைத்தவர்கள். கச்சேரிகளுக்காக மாதக்கணக்கில் பேருந்தில் ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்ததால் அவ்வளவு பெரிய வீடு ஆளின்றிக் கிடந்தது. கீழே ஊரிலோ, பனி விழத் தொடங்கிவிட்டால் சறுக்க வருகிறவர்களுக்குத் தங்க இடம் தேவைப்பட்டது. சும்மா கிடக்கும் அறையை வாடகைக்கு விட்டால் என்ன என்பது, எந்த ஊரில் போய்க் குடியேறிய குடும்பத்துக்கும் முதலில் தோன்றும் யோசனை. டிராப் குடும்ப விடுதி அப்படித்தான் தொடங்கியது.

அதை நிறுவியவர் மரியா வான் டிராப். ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ திரைப்படத்தில் மலைப் புல்வெளியில் கைகளை விரித்துப் பாடுகிறாரே, அந்தப் பாத்திரத்துக்கு மூலமான பெண்மணி. பாஸ்டன் பக்கத்தில் வசிக்கும் எங்களைப் போன்றவர்கள் அந்தப் படத்தின் நினைவோடுதான் முதன்முறை அங்கே போகிறோம். நானும் அப்படித்தான் போனேன். ஆனால் பனிக்காலந்தோறும் திரும்பச் சென்று, அந்தக் காட்டுத் தடங்களில் சறுக்கப் பழகி, அந்தக் குடும்பத்தின் வரலாற்றைத் தேடிப் படித்த பிறகு, படம் முடிகிற இடத்துக்கு அப்பால் நடந்த கதைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பிறந்த மண்ணை விட்டு வந்த ஒருவர் கட்டி எழுப்பியது, அவர் காலத்துக்குப் பின்னும் அவருடைய குடும்பத்தின் கையிலேயே எப்படி நின்றது என்பதே அந்தக் கதை. அடுத்த தலைமுறை அதை இருந்தபடியே பொத்திவைத்திருந்தால் அது நின்றிருக்காது என்றும், துணிந்து மாற்றியதால்தான் நின்றது என்றும் நான் நினைக்கிறேன்.

படத்துக்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மரியா 1905-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். சால்ஸ்பர்க் நகரின் நொன்பெர்க் கன்னிமாடத்தில் துறவுப் பயிற்சியில் இருந்தபோது, 1926-இல், கேயார்க் வான் டிராப்பின் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். முதல் உலகப்போரில் ஆஸ்திரிய–ஹங்கேரியக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல் தளபதியாக இருந்தவர் கேயார்க், மனைவியை இழந்தவர், ஏழு குழந்தைகளின் தந்தை. அத்தனை குழந்தைகளையும் கவனிக்க மரியா செல்லவில்லை. நோயால் தளர்ந்து பள்ளிக்குப் போக முடியாமல் இருந்த ஒரு மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கவே சென்றார். மறு ஆண்டு திருமணம் நடந்தது. பின்னர் மூன்று குழந்தைகள் பிறந்தார்கள். 1930-களில் ஒரு வங்கி முறிந்ததில் கேயார்க்கின் செல்வம் பெரும்பாலும் கரைந்துபோனது. வீட்டில் மகிழ்ச்சிக்காகப் பாடிக்கொண்டிருந்த குடும்பம் காசுக்காகப் பாடத் தொடங்கியது அதற்குப் பின்னர்தான். 1938-இல் நாஜி ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது, அவர்கள் படத்தில் காட்டப்படுவதுபோல மலையேறித் தப்பவில்லை. ரயிலேறி இத்தாலிக்குச் சென்றார்கள். கேயார்க் பிறந்த ஸாரா என்ற துறைமுக நகரம் முதல் போருக்குப் பின் இத்தாலியின் கைக்குப் போயிருந்ததால், அவருக்கு இத்தாலியக் குடியுரிமை இருந்தது. ஒரு குடும்பத்தின் உயிரை ஒரு பிறப்புச் சான்றும் எல்லைக்கோடு ஒன்று நகர்ந்ததும் காப்பாற்றின.

அமெரிக்காவுக்கு அவர்கள் வந்தது கச்சேரிக்கான தற்காலிக விசாவில். கடைசி மகன் யோஹான்னஸ் 1939 ஜனவரியில் பிலடெல்பியாவில் பிறந்தார். விசாக் காலம் முடிந்ததும் கைக்குழந்தையோடு மீண்டும் ஐரோப்பாவுக்குப் போய் ஸ்காண்டிநேவிய நாடுகளில் பாடிவிட்டு, அதே ஆண்டு அக்டோபரில் மறுபடியும் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினார்கள். எவ்வளவு காலம் தங்குவதாக எண்ணம் என்று குடியேற்ற அதிகாரி கேட்டபோது, இனி இங்கிருந்து போகவே விருப்பமில்லை என்ற பொருளில் மரியா மகிழ்ச்சி பொங்கப் பதில் சொல்லிவிட்டார். தற்காலிக விசாவில் வந்தவர் வாயில் வரக்கூடாத பதில் அது. எல்லிஸ் தீவில் சில நாட்கள் தடுத்துவைக்கப்பட்ட பிறகே அவர்கள் உள்ளே விடப்பட்டார்கள். எச்-1பி முத்திரைக்காகத் தூதரகத்தின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்ற அனுபவம் உள்ள தமிழர் எவருக்கும் இந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை. மனத்தில் உள்ளதைச் சொல்லக்கூடாது என்று தெரிந்தே நின்றவர்கள் நாம். மரியாவுக்கு அந்தப் பயிற்சி இல்லை, அவ்வளவுதான்.

1942-இல் அவர்கள் ஸ்டோவ் ஊருக்கு மேலே 600 ஏக்கருக்கும் மேற்பட்ட ஒரு மலைப்பண்ணையை வாங்கினார்கள். நிலத்தின் தோற்றம் ஆஸ்திரியாவை நினைவூட்டியது என்பது எல்லோரும் சொல்லும் காரணம். அதைவிட முக்கியமான வேறொன்றும் உண்டு என்பேன். அந்நாளில் வெர்மான்ட் மலைப்பண்ணைகள் நலிந்துகொண்டிருந்தன. 19-ஆம் நூற்றாண்டில் ஆட்டு மந்தைகளுக்காக வழித்தெடுக்கப்பட்ட குன்றுகளில் மேய்ச்சல் நின்று, காடு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. இன்றும் அந்த வட்டாரத்துக் காடுகளுக்குள் நடந்தால், அடர்ந்த மேப்பிள் மரங்களுக்கு நடுவே, எதற்கும் வேலியாக இல்லாத கற்சுவர்கள் பாசி படிந்து நீண்டு செல்வதைக் காணலாம். அவை முன்பு மேய்ச்சல் நிலங்களின் எல்லைகள். உழைத்துப் பார்த்தவர்கள் பிழைக்க முடியாது என்று விட்டுப்போன மண்ணில் அகதிக் குடும்பம் ஒன்று காலூன்றியது. வீட்டையும் ஆல்ப்ஸ் பாணியில் தங்கள் கையாலேயே எழுப்பினார்கள். ‘கோர் ஊனும்’ (ஒரே இதயம்) என்று அதற்கு லத்தீனில் பெயர் வைத்தார்கள்.

அந்த ஊரும் அப்போது மாறிக்கொண்டிருந்தது. வெர்மான்ட்டின் மிக உயர்ந்த சிகரமான மான்ஸ்ஃபீல்டு ஸ்டோவுக்கு அருகில்தான் இருக்கிறது. 1,339 மீட்டர் உயரம். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேலையற்ற இளைஞர்களுக்கு அரசு அமைத்த இயற்கைவளப் பாதுகாப்புப் படையினர் 1933-இல் அதன் சரிவுகளில் சறுக்குத் தடங்களை வெட்டத் தொடங்கினார்கள். 1936-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரிலிருந்து செப் ருஷ்ப் என்ற பயிற்சியாளர் வந்து சறுக்குப் பள்ளியை நடத்தலானார். 1940-இல் நாற்காலி லிஃப்ட் ஓடத் தொடங்கியது. ஆகவே மரியாவின் குடும்பம் வந்து சேர்ந்தபோது, அவர்கள் பேச்சும் உடையும் உணவும் அந்த ஊருக்கு முற்றிலும் அந்நியமாக இருக்கவில்லை. பனியும் ஆல்ப்ஸும் ஆஸ்திரியாவும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்ற எண்ணம் அமெரிக்கர்களிடையே ஏற்கெனவே ஊன்றியிருந்தது. மூத்த மகன்கள் ரூப்பெர்ட்டும் வெர்னரும் அமெரிக்க இராணுவத்தின் பத்தாவது மலைப் படைப்பிரிவில் சேர்ந்தார்கள். சறுக்கவும் மலையேறவும் தெரிந்தவர்களைத் தேடித் திரட்டிய பிரிவு அது. போருக்குப் பின் அமெரிக்காவின் பல சறுக்கு மையங்களை நிறுவியவர்கள் அந்தப் பிரிவிலிருந்து திரும்பியவர்களே. உயிரோடு திரும்பினால் ஒரு சிற்றாலயம் கட்டுவதாக நேர்ந்துகொண்ட வெர்னர், திரும்பிவந்து விடுதிக்குப் பின்னால் உள்ள காட்டு மேட்டில் கல்லால் அதைக் கட்டினார். பனிக்காலத்தில் அங்கே நடந்தோ சறுக்கியோ போகலாம். நாலைந்து பேர் நின்றாலே நிறைந்துவிடும் அளவு சிறியது. எனக்கு அந்த வளாகத்திலேயே மிகவும் பிடித்த கட்டடம்.

விருந்தோம்பல் அவர்களுக்கு எப்படிக் கைவந்தது என்பதற்கு விடை, 1944-இல் தொடங்கிய கோடை இசை முகாமில் இருக்கிறது. மேலே சொன்ன இயற்கைவளப் பாதுகாப்புப் படையினர் விட்டுச்சென்ற பழைய முகாம் ஒன்றைப் பெற்று, இசை ஆர்வலர்களை அங்கே தங்கவைத்துச் சோறிட்டுச் சேர்ந்து பாடவைத்தார்கள். அந்நியர்களைத் தங்கவைப்பது எப்படி, எத்தனை பேருக்கு எவ்வளவு சமைப்பது என்பதையெல்லாம் அங்கேதான் கற்றிருக்க வேண்டும். 1947 மே மாதம் கேயார்க் இறந்தார். அப்போது மரியாவுக்கு 42 வயது. போரில் நொறுங்கிப்போன ஆஸ்திரியாவுக்கு உணவும் உடையும் திரட்டி அனுப்பும் வேலையை அதே ஆண்டில் அவர் நடத்திக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டு அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அதற்கடுத்த ஆண்டு தன் குடும்பக் கதையை நூலாக எழுதினார். 1950-இல் வீட்டை விடுதியாக்கினார். இந்த நான்கு ஆண்டுகளைப் பார்க்கும்போது, படத்தில் வரும் மென்மையான பெண்ணைவிட எவ்வளவோ வலிமையான ஒருவர் தெரிகிறார். பிள்ளைகள் பிற்காலத்தில் பேசியதிலிருந்து, அவர் எளிதில் சினம் கொள்ளும், தன் சொல்லே நடக்க வேண்டும் என்று நிற்கும் தாயாகவும் இருந்தார் என்பது தெரிகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் மதிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒருவர் இல்லாவிட்டால் பன்னிரண்டு பேர் கொண்ட வீடு அந்தக் காலத்தைக் கடந்திருக்காது.

1956-இல் குடும்பம் மேடையேறிப் பாடுவதை நிறுத்தியது. பிள்ளைகள் வளர்ந்து தத்தம் வாழ்க்கைக்குச் சென்றுவிட்டார்கள். மரியாவும் பிள்ளைகள் சிலரும் தென் பசிபிக் தீவுகளுக்கு மறைப்பணிக்காகச் சென்றார்கள். அதே ஆண்டில்தான், தன் நூலின் படமாக்கும் உரிமையை ஒரு ஜெர்மன் நிறுவனத்துக்கு 9,000 டாலருக்கு மரியா விற்றுவிட்டார். ஜெர்மன் படம் வந்தது. அதைப் பார்த்தவர்கள் 1959-இல் பிராட்வே நாடகமாக்கினார்கள். 1965-இல் ஹாலிவுட் படம் வந்து உலகமெங்கும் ஓடியது. அந்தப் பெருவெள்ளத்தில் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது மிகச் சிறிய பங்கு மட்டுமே. இதை ஓர் ஏமாளித்தனமாகப் பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வருமானம் நின்றுபோன ஒரு விதவை கையில் ரொக்கம் கொடுத்தவரிடம் விற்றார். பிறகு என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. படத்திலிருந்து அவருக்குக் கிடைத்தது ஆள்வரவு. கார்களும் பேருந்துகளும் மலையேறி வந்தன. மரியா ஆஸ்திரிய உடையில் விருந்தினரிடையே உலவி, பேசி, நூல்களில் கையொப்பமிட்டார்.

ஆள்வரவு இருந்தும் கணக்கு ஒழுங்காக இல்லை. யோஹான்னஸ் வந்து பொறுப்பேற்றது அதனால்தான். டார்ட்மத் கல்லூரியில் வரலாறும், பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் வனவியலும் படித்தவர் அவர். பத்துப் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. அவர்களில் அமெரிக்க மண்ணில் பிறந்தவர் அவர் ஒருவரே. காட்டில் வேலை செய்ய வேண்டும் என்று விரும்பியவர், விடுதியின் நிதிநிலையைச் சீர்செய்துவிட்டுப் போகலாம் என்று 1969-இல் தற்காலிகமாகப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். இடையில் சில ஆண்டுகள் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் பிறகு மான்டனாவுக்கும் போனார், திரும்பி வந்தார். வெளிநாட்டில் அப்பா தொடங்கிய உணவகத்தையோ கடையையோ பிள்ளைகள் எடுத்து நடத்த வேண்டிவந்த குடும்பங்களை நான் அறிவேன். போகலாமா, இருக்கலாமா என்ற அந்த ஊசலாட்டம் முப்பது வயதில் தொடங்கி ஐம்பதிலும் தீராது.

ஆனால் பொறுப்பேற்பதற்கு முன்பே, 1968-இல், அவர் செய்த ஒரு காரியம்தான் விடுதியின் தலையெழுத்தை மாற்றியது. கிராஸ் கன்ட்ரி சறுக்கு மையம் ஒன்றை அங்கே தொடங்கினார். அமெரிக்காவில் வணிகமுறையில் நடத்தப்பட்ட முதல் கிராஸ் கன்ட்ரி மையம் என்று அது அறியப்படுகிறது. இதன் அருமை புரிய வேண்டுமானால் இரண்டு வகைச் சறுக்குக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். டவுன்ஹில் சறுக்கில் லிஃப்ட் உங்களை உச்சிக்குக் கொண்டுசெல்லும், நீங்கள் இறங்குவீர்கள். அதற்குப் பெரிய மலையும் பெரும் முதலீடும் வேண்டும். மரங்களை அகலமாக வெட்டித் தள்ள வேண்டும். கிராஸ் கன்ட்ரியில் சறுக்குப் பலகை குறுகலானது, எடை குறைந்தது. காலணியின் நுனி மட்டுமே பலகையோடு பூட்டப்பட்டிருக்கும். குதிகால் தனியே எழும்பும். அதனால் சமநிலத்திலும் ஏற்றத்திலும் நீங்களே உந்திச் செல்ல முடியும். அதற்குத் தேவை நிலமும் பனியும் தடமும்தான். குடும்பத்திடம் நிலம் இருந்தது. பனி வானத்திலிருந்து வந்தது. தடமோ மரம் வெட்டிக் கொண்டுவரும் காட்டுப்பாதையாக ஏற்கெனவே பாதி இருந்தது. கையில் உள்ளது எது என்று ஒரு வனவியலாளரின் கண்ணால் பார்த்துச் செய்த முடிவு அது. மான்ஸ்ஃபீல்டு மலையின் லிஃப்டுகளோடு போட்டியிட அவர் நினைக்கவேயில்லை.

அந்தத் தடத்தைப் பக்கத்திலிருந்து பார்ப்பது எனக்கு இன்றும் சலிப்பதில்லை. பனி சமன்செய்யும் இயந்திரம் சென்ற வழியில், பனியின் மேற்பரப்பு பாய்நெசவுபோல் நுண்வரிகளோடு தட்டையாகிக் கிடக்கும். அதன் ஓரத்தில் தண்டவாளம்போல இரண்டு இணையான பள்ளங்கள் அழுத்தப்பட்டிருக்கும். பலகைகளை அந்தப் பள்ளங்களில் வைத்துவிட்டால் திசையைப் பற்றிக் கவலை இல்லை. ஒரு காலால் அழுத்தி உந்தினால், பலகையின் நடுப்பகுதி பனியைப் பற்றும். எடையை மறுகாலுக்கு மாற்றினால் வழுக்கிச் செல்லும். அழுத்தம் குறைந்தால் கால் பின்னோக்கி வழுக்கும். எடையை முழுதாக மாற்றாவிட்டால் நடப்பதுபோலவே இருக்கும். மதராஸ் வெயிலில் வளர்ந்த எனக்கு அது உடலில் ஏறுவதற்குச் சில பனிக்காலங்கள் ஆயின. அங்கே குழந்தைகள் அதை ஒரே காலைப்பொழுதில் பிடித்துக்கொள்கிறார்கள். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தடங்கள் உள்ளன. அவற்றில் விடாமல் ஏறிக்கொண்டே போகும் ஒன்றின் முடிவில், ஸ்லேட்டன் பாஸ்ச்சர் கேபின் என்ற மரக்குடில் இருக்கிறது. கணப்பில் விறகு எரியும்; சூப்பும் சூடான சாக்லேட்டும் கிடைக்கும். ஏறிவந்தவர்கள் ஈரக் கையுறைகளைக் கணப்பருகே காயவைத்துவிட்டு, முன்பின் தெரியாதவர்களோடு ஒரே பெஞ்சில் நெருக்கி அமர்ந்து உண்கிறார்கள். 1950-இல் 27 அறைகளில் நடந்த விருந்தோம்பலின் சாயலை நான் பார்ப்பது அங்கேதான். இன்றைய விடுதியின் வரவேற்புக் கூடத்தில் அது அவ்வளவாகத் தெரிவதில்லை.

காரணம், அந்த முதல் வீடு இப்போது இல்லை. 1980 டிசம்பர் 20 இரவில் தீப்பற்றி முழுவதும் எரிந்துபோனது. விருந்தினர் ஒருவர் இறந்தார். 75 வயது மரியா உயிர் தப்பினார். பாடிச் சம்பாதித்த காசில், பிள்ளைகளின் கையால் கட்டப்பட்ட வீடு, அதிலிருந்த குடும்பப் பொருட்கள், எல்லாம் போயின. பலருக்கு அதுவே முடிவாக இருந்திருக்கும். நிலத்தைத் துண்டு போட்டு விற்றிருந்தால் அனைவரும் வசதியாக வாழ்ந்திருக்கலாம். குடும்பம் மறுபடியும் கட்டியது. 1983-இல் முடிந்த புதிய கட்டடத்தில் 90-க்கும் மேற்பட்ட அறைகள். முன்பிருந்ததைவிட மிகப் பெரியது. ஆண்டில் சில வாரங்களுக்கு உரிமை வாங்கும் முறையில் வளாகத்தில் விருந்தினர் வீடுகளும் உள்ளன. பழைய வீட்டின் நெருக்கம் போய்விட்டது என்று வருந்துகிறவர்கள் உண்டு; நியாயமான வருத்தம்தான். ஆனால் 27 அறை வருமானத்தில் அவ்வளவு காட்டையும் வரிகட்டிக் காக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மரியா 1987 மார்ச்சில் இறந்தார். விடுதிக்குப் பக்கத்திலேயே உள்ள குடும்ப இடுகாட்டில், கணவருக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் இருந்தவரை குடும்பம் அவரைச் சுற்றி நின்றது. போன பிறகு, நம் ஊர்க் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரிந்த கட்டம் வந்தது. விடுதி ஒரு நிறுவனமாகப் பதிவாகியிருந்தது. பங்குகள் பத்துப் பிள்ளைகளின் கிளைகளில் பரவியிருந்தன. நடத்துகிறவர் ஒருவர், உரிமை உள்ளவர்கள் பலர், வருகிற லாபத்தை நிலத்திலேயே திரும்பப் போடுவதா, பிரித்துக்கொள்வதா என்பதில் ஒருமித்த கருத்து இருக்க முடியாது. 1990-களின் நடுவில் யோஹான்னஸ் தரப்பு மற்றவர்களின் பங்குகளை வாங்கி நிறுவனத்தை மாற்றியமைத்தபோது, உறவினர் சிலர் அந்த விலையை ஏற்காமல் நீதிமன்றம் சென்றார்கள். வழக்கு வெர்மான்ட் உச்ச நீதிமன்றம்வரை போனது. நிறுவனம் கொடுக்க முன்வந்ததைவிட உயர்ந்த விலையே நியாயமான மதிப்பு என்ற கீழ்நீதிமன்ற முடிவை 1999-இல் அது உறுதிசெய்தது. ஒன்றாக நின்று பாடி உலகப் புகழ் பெற்ற குடும்பம், ஒருவருக்கு எதிராக மற்றவர் வழக்கறிஞர் வைத்துக்கொண்டு நின்றதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. ஆயினும் நான் இதில் எந்தத் தரப்பையும் குறைசொல்ல மாட்டேன். விலகியவர்களுக்கு அவர்களுடைய உழைப்பின் உரிய மதிப்பு கிடைத்தது. அவர்களுடைய இளமை முழுவதும் மேடையில் போயிருக்கிறது. அந்த நிலம் வாங்கப்பட்டதே அவர்களுடைய குரலால்தான். நடத்துகிறவர் கையில் உரிமை சேர்ந்ததால் நிலமும் சிதறவில்லை. நம்மிடையே எத்தனை குடும்பத் தொழில்கள், பங்கைத் தீர்க்க மனமும் இல்லாமல், சேர்ந்து நடத்த மனமும் இல்லாமல், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே செத்துப்போகின்றன! தீர்ப்புக்குக் கட்டுப்பட்டு, விலை கொடுத்து முடித்தது பெரிய காரியம்.

இன்று அந்த நிலம் ஏறத்தாழ 2,500 ஏக்கர். அதில் விடுதி ஒரு மூலை, காடே பெரும்பகுதி. எந்த மரத்தை எப்போது எடுப்பது, எதை விட்டுவைப்பது என்று திட்டமிட்டு வளர்க்கப்படும் காடு அது. மலைப்புல்லில் நீண்ட உரோமத்தோடு ஸ்காட்லாந்து ஹைலேண்ட் மாடுகள் மேய்கின்றன. ஆஸ்திரியாவில் தான் பருகிய லாகர் பீரைப் போல ஒன்றை இங்கே வடிக்க வேண்டும் என்ற விருப்பத்தில், 70 வயதைக் கடந்த பிறகு, 2010-இல் யோஹான்னஸ் ஒரு சிறு மதுவடிப்பாலையைத் தொடங்கினார். அது சில ஆண்டுகளில் பெரிய ஆலையாக வளர்ந்தது. நான் பீர் அருந்துவதில்லை. ஆகவே அதன் சுவையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் தாய் கொண்டுவந்த பாடல்கள் ஓய்ந்தபின், தாய்நாட்டின் வேறொன்றை மகன் இந்த மண்ணில் முளைக்கச் செய்ததை நான் ஒரு வணிக முயற்சியாக மட்டும் பார்க்கவில்லை. கடைசி மகனான அவருக்கு ஆஸ்திரியா பிறந்த நாடுகூட அன்று.

மேப்பிள் பாகு காய்ச்சும் கொட்டகையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல்வரை, இரவில் உறைபனியும் பகலில் உருகும் வெயிலும் மாறி மாறி வரும் வாரங்களில்தான் மேப்பிள் மரத்தில் சாறு ஓடும். துளையிட்டு வடிக்கும் அந்தச் சாறு தண்ணீர்போலவே இருக்கும். நாக்கில் இனிப்பு தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. விறகடுப்பின் மேல் அகலமான தட்டுப்பாத்திரத்தில் சாறு கொதிக்க, கூரைத் திறப்பு வழியாக ஆவி வெள்ளையாக வெளியேறிக்கொண்டே இருக்கும். கரண்டியை முக்கி எடுத்துச் சாய்த்தால், துளித்துளியாகச் சொட்டாமல் விளிம்பில் திரைபோல் படர்ந்து தொங்கும் நேரம்தான் பதம். பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு, அந்தக் கொட்டகைக்குள் நுழைந்தவுடன் மணத்திலேயே பாதி புரிந்துவிடும். வெர்மான்ட் வழக்கப்படி சூடான பாகைப் புதிய பனியின் மேல் ஊற்றினால் மிட்டாய்போல இறுகும். அதைக் குச்சியில் சுருட்டி, ஊறுகாய்த் துண்டோடு சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். இனிப்போடு ஊறுகாயா என்று முதலில் நானும் தயங்கினேன்.

இப்போது யோஹான்னஸின் மகன் சாமும் மகள் கிறிஸ்டினாவும் பொறுப்பில் இருக்கிறார்கள். சாம் கொலராடோவின் ஆஸ்பெனில் சறுக்குப் பயிற்சியாளராக இருந்துவிட்டு வீடு திரும்பியவர். வெர்னரின் வழிவந்தவர்கள் மலைக்கு அப்பால் வெயிட்ஸ்ஃபீல்டில் பால்பண்ணையும் பாலாடைக்கட்டித் தொழிலும் நடத்துகிறார்கள். பாட்டி காலத்தில் இல்லாத சிக்கல் ஒன்று இந்தத் தலைமுறையின் முன் நிற்கிறது. வெர்மான்ட்டின் குளிர்காலம் வெப்பமாகிக்கொண்டு வருகிறது. தாழ்ந்த உயரத்தில், இயற்கைப் பனியை நம்பி இருக்கும் கிராஸ் கன்ட்ரி தடங்கள்தான் முதலில் அடிவாங்குகின்றன. ஜனவரியிலேயே மழை பெய்து தடம் முழுவதும் பனிக்கட்டியாக உறைந்துபோன வாரங்களில் நான் அங்கே இருந்திருக்கிறேன். வாடகைச் சறுக்குப் பலகைகள் அடுக்கில் அப்படியே நின்றன. மாடும் மேப்பிளும் பீரும் கோடைக்கால மிதிவண்டித் தடங்களும் ஏன் தேவை என்பது அத்தகைய வாரத்தில் தெளிவாகத் தெரிகிறது. பனி ஒன்றையே நம்பியிருந்தால் அந்தக் குடும்பம் இதற்குள் நிலத்தை விற்றிருக்கும்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. மார்ச் மாதத்தின் முதல் பாதியில் செல்லுங்கள். பெரும்பாலும் தடத்தில் பனியும் இருக்கும், கொட்டகையில் பாகும் கொதிக்கும். காலையில் வெயில் ஏறிப் பனி இளகுவதற்கு முன்பே வாடகைக் கடைக்குப் போய்விடுங்கள். சறுக்கத் தெரியாதென்றால் ஒரு மணிநேரப் பயிற்சிக்குப் பதிந்துகொள்ளுங்கள். கூச்சப்படத் தேவையில்லை, அங்கே விழாதவர் யாருமில்லை. சறுக்கவே விருப்பமில்லாத பெரியவர்கள் உடன் வந்தால், நடப்பதற்கென்று பனிக்காலணிகள் தருகிறார்கள். அவற்றை மாட்டிக்கொண்டு வெர்னர் கட்டிய கற்கோயில்வரை மெல்ல ஏறிப் போகலாம். இடுகாட்டுக்குச் சென்றால் மரியா, கேயார்க் கல்லறைகளோடு நின்றுவிடாமல் மற்றப் பெயர்களையும் வாசியுங்கள். கேயார்க்கின் மகள்களில் மார்ட்டினா 1951-இல் பேறுகாலத்தில் இறந்தவர்; ஹெட்விக் 1972-இல் இறந்தவர். படத்தில் அவர்களுடைய பெயர்கள் மாற்றப்பட்டுவிட்டன. அந்த நிலத்துக்கான காசைப் பாடிச் சேர்த்தவர்களில் அவர்களும் உண்டு.